கண்ணில் படாத நீலம்

புதுச்சேரி
11 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன வாரம் படம் எடுத்து அனுப்பியதற்கு நீதானே திட்டினாய். "போன்ல கலர் பாக்கறவ நான் இல்லடா, துண்டு வெட்டி அனுப்பு" என்றாய். அதனால் நம் படகின் உடம்பிலிருந்து பெயர்த்த ஒரு சில்லையும், பழைய பாயில் வெட்டிய ஒரு துண்டையும் இந்தக் கூரியரில் வைத்திருக்கிறேன்.

பார்த்தால் உனக்கே பாவமாக இருக்கும். எவனோ வெளிநாட்டுக்காரன் துறைமுகத்தில் விட்டுப்போய், வெயிலில் கிடந்து பல் மஞ்சளாகிவிட்ட படகு. ஆனால் எலும்பு நல்ல எலும்பு. பாய்மரத்தில் ஒரு கீறல் இல்லை. எஞ்சினை என் கூட்டாளி ஜான் பாஷா முழுதாகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிவிட்டான். தொழிற்சாலையில் தோல் உருட்டும் டிரம்முக்கு மோட்டார் பார்த்த கை, எதையும் ஓட வைக்கிறது. சீசனுக்குள் இறக்கிவிட்டால், சுற்றுலா வருகிறவர்களைக் காலையும் மாலையும் கடலுக்குள் கூட்டிப்போய் வரலாம்.

இப்போது நிற்பது நிறத்தில். நான் கப்பல் எஞ்சின் அறையில் பத்து வருஷம் கிடந்தவன். எனக்குத் தெரிந்த நிறம் கிரீஸ் நிறம். பாஷா ஒரேயடியாக "ஆரஞ்சு அடிடா, பளிச்சுனு இருக்கும்" என்கிறான். இங்கே வலை பின்னுகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். எனக்கு உன் பேச்சுதான். ஆம்பூரில் தோலுக்குப் பாரதி பார்த்த ஷேடு என்றால் வெளிநாட்டில் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று ஊரே சொல்கிறதே, தம்பி படகுக்கு ஒரு நிறம் பார்த்துக் கொடுக்க மாட்டாயா?

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
பூவரசன்


ஆம்பூர்
18 மார்ச் 2024

அன்புள்ள அரசு,

சில்லு வந்தது. அதைப் படகு என்று சொல்லாதே, வெற்றிலை போட்ட கிழவன் பல் என்று சொல்.

ஆரஞ்சாம். ரோடு போடுகிறவர்கள் மாட்டிக்கொண்டு நிற்கிற சட்டை நிறத்தில் ஒரு படகா? அதில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள யாராவது காசு கொடுத்து வருவார்களா? பாஷாவிடம் நான் சொன்னதாகச் சொல், மோட்டார் அவன் இலாகா, நிறம் என் இலாகா.

ஐந்து தோல் துண்டு அனுப்பியிருக்கிறேன். நான்கு சும்மா, ஒப்பிட்டுப் பார்க்க. நீ பார்க்க வேண்டியது ஐந்தாவது, தனியாகக் காகிதத்தில் மடித்தது. நீலம் என்று சொன்னால் நீலம் இல்லை, சாம்பல் என்று சொன்னால் சாம்பலும் இல்லை. மழை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வானம் நிற்குமே, அது. போன வருஷம் இத்தாலிக்காரர் ஒருவர் கைப்பைக்குக் கேட்டது. மூன்று பேர் போட்டுப் பார்த்து வரவில்லை. நான் நீலத்தில் ஒரு பொட்டு பழுப்பு விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆள் துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனவர், ரொம்ப நேரம் திரும்பவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தப் பையில் என் பேர் இருக்காது. எந்தப் பையிலும் இருக்காது. இருபது வருஷமாக நான் பார்த்த நிறமெல்லாம் எங்கெங்கோ யார் தோளிலோ தொங்குகிறது. உன் படகு போகிற போக்கில் யாராவது "இது யார் பாத்த கலர்?" என்று கேட்டால், "எங்க அக்கா" என்று நீ சொல்வாய். அந்த ஆசை எனக்கு இருக்கிறது, மறைப்பானேன்.

பாய்க்குச் சுத்த வெள்ளை வேண்டாம், கண் கூசும். பலமுறை துவைத்த வேட்டியின் வெள்ளை. உடம்பு அந்தச் சாம்பல் நீலம், பாய் இந்த வெள்ளை. கடலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார். ஒன்றோடு ஒன்று எப்படிச் சேர்கிறது என்று தெரியும்.

வெயிலில் நின்று முகத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. பெண் பார்க்கிறோம்.

அக்கா


புதுச்சேரி
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

ஐந்தாவது துண்டைத் துறைமுகச் சுவர் மேல் வைத்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான். பின்னால் கடல், முன்னால் அந்தத் துண்டு, இரண்டுக்கும் நடுவில் கோடே இல்லை.

பாஷா மட்டும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டான். "அழகா கீது, ஒத்துக்கறேன். ஆனா கடல்ல கடல் மாதிரி இருந்தா எவன் கண்ணுல படும்?" என்றான். நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு சமாதானம்: உடம்பு உன் நிறத்திலேயே இருக்கட்டும், பாயின் உச்சியில் மட்டும் ஆரஞ்சுத் துணி ஒன்று தைத்துவிடலாம், பக்கவாட்டில் கையகல ஒரு பட்டை. நான் யோசித்துப் பார்த்தேன், அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் படுகிறது.

நீ சரியென்றால் தைக்கிறோம். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம். தையல்காரர் வெள்ளிக்கிழமை கேட்பார்.

பூவரசன்


ஆம்பூர்
5 ஏப்ரல் 2024

அரசு,

வேண்டாம். அவசரம் என்று போனிலும் சொல்லிவிட்டேன், இருந்தாலும் எழுதுகிறேன். பிறகு "அக்கா அரைமனதாகத்தான் சொன்னாள்" என்று நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கூடாது.

பட்டுப்புடவைக்குப் பிளாஸ்டிக் பையைக் கிழித்து பார்டர் வைப்பார்களா? உச்சியில் ஒரு துண்டு என்றாலும் பார்க்கிறவன் கண் நேராக அங்கேதான் போகும். அப்புறம் கீழே நான் பார்த்த நிறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? எஞ்சின் இருக்கிறது. ரேடியோ இருக்கிறது. ஆளுக்கொரு போன் இருக்கிறது. கரை தெரிகிற தூரத்தில் போய் வரப்போகிறீர்கள். உங்களை யார் தேடப் போகிறார்கள்?

பாஷா கோபித்துக்கொண்டால் அவன் பெண்டாட்டி ஜஹீதாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அக்கா


புதுச்சேரி
27 மே 2024

அன்புள்ள அக்கா,

நேற்று தண்ணீரில் இறக்கினோம். நீ வராதது ஒரு குறைதான். ஷிப்மென்ட் நேரத்தில் லீவு தர மாட்டார்கள் என்று தெரியும்.

பாய் விரிந்ததும் கடற்கரையில் நடந்தவர்கள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். ஒரு பெண் ஓடிவந்து, "இந்தக் கலர் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாள். ஆம்பூரில் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஜஹீதாவும் வந்திருந்தாள். பாஷா மணலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் படகையே பார்த்துவிட்டு, "அக்கா ஜெயிச்சிட்டாங்கடா" என்றான். பேர் வைத்ததும் அவன்தான்: 'பாலாறு'. "நம்ம ஊர் ஆத்துலதான் தண்ணி இல்ல. பேராவது தண்ணியில கெடக்கட்டும்" என்றான்.

படங்கள் போனில் அனுப்பியிருக்கிறேன். அதில் நிறம் சரியாக வரவில்லை என்று நீ சொல்வாய்.

பூவரசன்


ஆம்பூர்
30 செப்டம்பர் 2024

அரசு,

நீ போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன பேசுவேன் என்று எனக்குத் தெரியாது. கடிதமென்றால் நீ பிரிக்காமல்கூட வைத்திருக்கலாம், அது எனக்குத் தெரியப்போவதில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ கேட்டாய்: "நீ கலரைப் பாத்த. அவன் காலைப் பாத்தியா?" ஜஹீதா நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

பார்த்தேன் அரசு. போர்வை வலது முழங்கால் வரைக்கும் மேடாக இருந்து, அதற்குக் கீழே படுக்கையோடு படுக்கையாகப் படிந்திருந்தது.

அன்றைக்கு உன் பேச்சு எல்லாம் துண்டுதுண்டாகத்தான் காதில் விழுந்தது. இங்கே வந்து உட்கார்ந்து கோர்த்துப் பார்க்கிறேன். சாயங்காலம் சுழற்காற்று. பாய்மரம் முறிந்து பாஷாவின் கால் மேல் விழுந்திருக்கிறது. அறுந்த கயிறு படகைத் தள்ளுகிற விசிறியில் சுற்றிக்கொண்டது. போன்களும், ஆபத்துக்குக் கொளுத்துகிற வாணங்களும் நனைந்துபோயின. ராத்திரி முழுக்க மிதந்தீர்கள். விடிந்ததும் தேட வந்த விமானம் உங்கள் தலைக்கு மேலேயே போனது. மீன்பிடிப் படகுகள் போயின. நீ கிழிந்த பாயைத் தூக்கி ஆட்டினாய், அது நான் பார்த்துக் கொடுத்த வெள்ளை. அலை நுரைக்கு நடுவில் அதை யார் பார்ப்பார்கள்? இருட்டுகிற நேரத்தில் ஒரு ஃபைபர் படகு வந்து கிட்டத்தட்ட மோதியதால்தான் பிழைத்தீர்கள். அந்த மீனவர் என்னிடமே சொன்னார், "கிட்ட வர்ற வரைக்கும் தண்ணின்னுதாம்மா நெனச்சேன்." பாராட்டுகிறாரா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்னும் கூசிப்போகிறேன்.

காலையிலேயே கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன்.

போன வாரம் பாஷாவை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு. நான் ஃபேக்டரிக்கு இப்போது ரயில்வே கேட் பக்கமாகச் சுற்றிப் போகிறேன். உன் மாமா காரணம் கேட்டார், அந்தப் பக்கம் ரோட்டைத் தோண்டியிருக்கிறார்கள் என்றேன். இத்தாலிக்காரர் அதே நிறத்தை மறுபடி கேட்டிருக்கிறார். கண் வலி என்று சொல்லி வேறு பெண்ணிடம் தள்ளிவிட்டேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

பாரதி


புதுச்சேரி
24 நவம்பர் 2024

அக்காவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். படகு கரையில் ஏற்றிக் கிடக்கிறது. புதுப் பாய்மரம் வைத்தாயிற்று. மகாபலிபுரம் பக்கம் ரிசார்ட் வைத்திருக்கும் ஒருவர் வந்து பார்த்தார். உடனே பிடித்துவிட்டது. விருந்தாளிகளை ஏற்றிப்போக வேண்டுமாம். ஒரே ஒரு நிபந்தனை, இதே நிறம் இருக்க வேண்டும். இடது பக்கம் முழுக்கச் சிராய்ந்திருப்பதால் மறுபடி அடிக்க வேண்டும். இங்கே கலக்கிப் பார்த்தார்கள், வரவில்லை. எதில் எவ்வளவு என்று எழுதி அனுப்பு.

இதை முடித்துக் கையைக் கழுவிவிட்டால் போதும் என்றிருக்கிறது. பாஷாவின் பங்கு அவனுக்குப் போய்விடும். அவனிடம் நான் இன்னும் பேசவில்லை. போன் எடுத்து, பேரைப் பார்த்து, வைத்துவிடுகிறேன்.

பூவரசன்


ஆம்பூர்
2 டிசம்பர் 2024

அரசு,

எதில் எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதுதான் என் பேஜாரே. ஆனால் எழுத மாட்டேன்.

அந்த நிறத்தில் நான்கு பேரை ஏற்றிக் கடலுக்குள் அனுப்பிவிட்டு நாம் இரண்டு பேரும் எப்படிச் சோறு தின்பது? தெரியாமல் செய்தது ஒன்று. இப்போது தெரியுமே.

கையைக் கழுவ என்று எழுதியிருக்கிறாய். நானும் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு அதைத்தான் செய்கிறேன். படகில் பாதி பாஷாவுடையது. நிறம் வைக்கும்போதும் அவன் பேச்சை நாம் கேட்கவில்லை, விற்கும்போதும் கேட்கவில்லை. ரிசார்ட்காரரைப் பொறுக்கச் சொல். நான் போய்க் கேட்கிறேன். இரண்டு தெருதான். இத்தனை நாள் முடியவில்லை. நாளைக்குப் போகிறேன்.

பாரதி


ஆம்பூர்
6 ஜனவரி 2025

அரசு,

நாளைக்கு என்று எழுதியிருந்தேன். போனது ஒரு வாரம் கழித்து. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஜஹீதாதான் கதவைத் திறந்தாள். ஷூ கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கியது. "வாங்கக்கா. வழி தெரிய இவ்ளோ நாள் ஆச்சா?" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. உள்ளே பாஷா தரையில் உட்கார்ந்து யாருடையதோ மிக்ஸியைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"பாஷா, அது என் தப்புப்பா" என்றேன்.

"எதுக்கா?"

"கலரு."

இல்லை என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஒரு திருகாணியை எடுத்து மூடியில் போட்டான். நான் ரிசார்ட்காரர் விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்தான்.

"அதே கலர்லயா?"

"அதே கலர்ல."

"நான் ஒத்துக்க மாட்டேன்." இன்னொரு திருகாணியைக் கழற்றினான். "ஆனா இன்னா கலர் தெரியும்னு நமக்குத் தெரியுமாக்கா? ஆரஞ்சுனு நானும் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். பாத்துடலாம். தண்ணில வெச்சுப் பாத்துடலாம்."

அப்படித்தான் நேற்று காவேரிப்பாக்கம் போனோம். இந்த வருஷ மழையில் ஏரி கடல் மாதிரி கிடக்கிறது. மறுகரை தெரியவில்லை, நல்ல காற்று, சின்னச் சின்னதாக அலைகூட அடித்தது. ஒட்டுப்பலகைத் துண்டுகளில் நான் நிறம் அடித்து வைத்திருந்தேன்: வெள்ளை, மாம்பழ மஞ்சள், சிவப்பு, கிளிப்பச்சை, ஆரஞ்சு, அடர் ரோஸில் ராணி கலர், கடைசியில் அந்தச் சாம்பல் நீலம். உன் மாமா லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தார். பாஷாவைக் கரை மேல் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஜஹீதா அவன் ஊன்றுகட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மீன் பிடிக்கிற ஒருவர் பலகைகளைப் பரிசலில் கட்டி இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொன்றும் மறையும்போது நாங்கள் சொல்ல வேண்டும்.

முதலில் மறைந்தது என் நீலம். தூரம்கூட இல்லை. கரையிலிருந்து கல்லெறிந்தால் விழும் தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால். "எங்கக்கா?" என்றான் பாஷா. "அதோ, அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினேன். காட்டிக்கொண்டே இருந்தேன். எனக்கும் தெரியவில்லை. எங்கேயோ கயிறு அவிழ்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, "அந்த நீலப் பலகை விழுந்துடுச்சா?" என்று உன் மாமாவைக் கத்தச் சொன்னேன். அவர் கத்தினார். தண்ணீர் மேலிருந்து அந்த ஆளின் குரல் வந்தது: "கையிலதாம்மா புடிச்சினு கீறேன்! தூக்கித்தான் காட்டறேன்!"

இருபது வருஷமாக நிறத்தை நான் கைநீளத்தில் வைத்துத்தான் பார்த்திருக்கிறேன் அரசு. ஜன்னலோரம், விளக்கடியில், மூக்குக்கு நேராக. அவ்வளவுதான் என் கண்.

வெள்ளை அலையில் போய்விட்டது. சிவப்பு நிற்கும் என்று நான் பந்தயமே கட்டியிருப்பேன், அது தூரம் போகப்போகக் கறுத்து, ஏதோ கட்டை மிதக்கிற மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் வெயில் வந்தபோது மறைந்து, மேகம் வந்தபோது தெரிந்தது. ஆரஞ்சு ரொம்ப தூரம் நின்றது. எல்லாவற்றையும் தாண்டி நின்றது ராணி கலர். பரிசல் புள்ளியான பிறகும், எங்கேயோ ஒரு பூ விழுந்த மாதிரி அது மட்டும் தெரிந்தது. "இன்னும் தெரியுது," "இன்னும் தெரியுது" என்று பாஷா சொல்லிக்கொண்டே வந்தான். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டான். திரும்பிப் பார்த்தேன். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தான். ஜஹீதா என்னைப் பார்த்துக் கையசைத்து, தள்ளிப் போகச் சொன்னாள். போனேன்.

திரும்பி வரும்போது விரிஞ்சிபுரம் தாண்டி டீக்கு நிறுத்தினோம். அங்கேதான் அவன் சொன்னான். "அன்னிக்கி ரேடியோ ரிப்பேருக்குப் போயிருந்துச்சுக்கா. நாளைக்குப் போலாம்டானு சொன்னேன். அரசு கேக்கல. ஆனா நானும் ஏறிட்டேன் இல்ல? யார சொல்றது?"

ரேடியோ இல்லை என்று எனக்குத் தெரியாது அரசு. நீ சொல்லவில்லை. ரேடியோ இருக்கிறதே என்று எழுதித்தான் நான் அந்த ஆரஞ்சுத் துணியை வேண்டாம் என்றேன். வராந்தாவில் ஜஹீதாவுக்குக் கேட்கிற மாதிரி முழுவதையும் என் தலையில் வைத்துவிட்டுப் போனாயே, அதற்கு ராத்திரி முழுக்க உன் மேல் எரிந்தேன். காலையில் எழுந்ததும் அந்தக் கோபத்தால் தப்பில் என் பங்கு கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் அப்படியே இருக்கிறது.

பாஷா சொல்லி அனுப்பியது இதுதான், அவன் வார்த்தையிலேயே: "அவனப் பாக்க எனக்கு இன்னும் மனசு வரல. ஆனா படகு தெரியணும். அத மட்டும் செய்யச் சொல்லுங்க."

பாரதி


புதுச்சேரி
17 ஜனவரி 2025

அக்கா,

பொங்கலுக்கு வரவில்லை. வந்தால் அந்த இரண்டு தெருவை நானும் நடக்க வேண்டும்.

ரேடியோ விஷயம் உண்மை. மறுநாள் சுற்றுலா ஆட்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், புதுக் கயிறுகளை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவசரம். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்றேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து காலைப் பற்றிச் சொன்னபோது, யாராவது என்னைக் கேட்டுவிடுவார்கள் என்று நடுங்கிப்போனேன். எதிரில் நீ நின்றாய். வாயில் வந்துவிட்டது. சொன்ன உடனே எனக்கு மூச்சு லேசாகியது அக்கா. உன் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டே லேசாகியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனை எடுக்காதது உன் மேல் கோபத்தில் இல்லை.

அன்றைய பகலைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. பாஷாவை மேல்தளத்தில் படுக்க வைத்திருந்தேன். முதல் தடவை விமானம் வந்தபோது, "வன்ட்டாங்கடா" என்று சிரித்தான். இரண்டாவது தடவை, "நம்ம தெரியலயாடா அவங்களுக்கு?" என்று கேட்டான். தெரியும், திரும்பி வருவார்கள் என்றேன். மூன்றாவது தடவை ரொம்பத் தாழப் பறந்தது, அடிவயிறு தெரிந்தது. அவன் என் கையை விட்டுவிட்டு அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ரிசார்ட்காரரிடம் நிறம் மாறும் என்று சொன்னேன். "ஐஸ்கிரீம் வண்டி மாதிரி இருக்கும்" என்று சிரித்தார். காரணத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் திரும்பவில்லை. போகட்டும்.

உன் சாம்பல் நீலத்தை நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தேன். தோள் கழன்றுவிட்டது. ஆள் வைக்க மனம் வரவில்லை. உடம்பு முழுக்க ராணி கலர். தண்ணீருக்குக் கீழே இருக்கிற பாகம் ஆரஞ்சு, கவிழ்ந்தாலும் தெரியும். பாயில் பாதிக்கு மேல் ஆரஞ்சு, இரண்டு பக்கமும். வலை பின்னுகிறவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு கேலி செய்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அசிங்கமாகத்தான் இருக்கிறது. நேற்று நங்கூரம் போட்டுவிட்டு, ஒரு மீனவரின் படகில் ஏறித் தூரமாகப் போய்ப் பார்த்தேன். போகப்போகப் பின்னால் தெரிந்துகொண்டே இருந்தது. போதும் திரும்பலாம் என்று அவர் சொன்னார். இன்னும் கொஞ்சம் என்று சொல்லிப் போகச் சொன்னேன்.

படம் அனுப்பியிருக்கிறேன். பாஷாவிடம் காட்டு. காட்டலாம் என்று உனக்குத் தோன்றினால் மட்டும்.

பூவரசன்


ஆம்பூர்
10 பிப்ரவரி 2025

அன்புள்ள அரசு,

உன் கடிதத்தை இரண்டு வாரம் அரிசி டப்பா மேல் வைத்திருந்தேன். மூச்சு லேசாகியது என்று எழுதினாயே, அந்த இடத்தை மறுபடி படிக்க முடியவில்லை. பொய் சொல்லாமல் எழுதியிருக்கிறாய். அதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாததால் எதுவும் எழுதவில்லை. இப்போதும் தெரியாது.

பாஷாவுக்குச் செயற்கைக் கால் வைத்துவிட்டார்கள். வேலூரில் போய்ப் பழகிவிட்டு வருகிறான். நேற்று அவனே நடந்து நம் வீட்டுக்கு வந்தான். இரண்டு தெருவுக்கு அரைமணி நேரம் ஆகியிருக்கிறது, சட்டை முழுக்க வேர்வை. கேட்டைத் திறக்க நான் ஓடினேன். "விடுங்கக்கா, நானே தொறக்கறேன்" என்று திறந்தான்.

படத்தைக் காட்டினேன். போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பாராட்டுவான், அல்லது அழுவான், அல்லது தூக்கிப் போடுவான் என்று நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் கேட்டது வேறு.

"மேல்தளம் இன்னும் வெள்ளையாதான கீது?"

ஆமாம் என்றேன்.

"ப்ளேன்ல போறவன் சைடுலேர்ந்தா பாக்கறான்? மேலேர்ந்து இல்ல பாக்கறான்? நான் அங்க படுத்துனு அவன் வயித்தையே பாத்துனு இருந்தேன். உக்காந்து யோசிக்க மாட்டானா அரசு?"

பாஷா கத்தினான். உன் பேரைச் சொல்லிக் கத்தினான். இத்தனை மாதத்தில் உன் பேரை அவன் இவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கே அழுத்தமான நிறம் அடித்தால் வெயிலில் கால் வைக்க முடியாது, அதனால்தான் வெள்ளை விட்டிருப்பான் என்று உனக்காக ஒரு வார்த்தை பேசிப் பார்த்தேன். உன் மாமாவும் ஆமாம் என்றார்.

"சுட்டா எனக்கு ஒத்தக் கால்தான சுடும்?" என்றான் பாஷா.

பாஷாதான் முதலில் சிரித்தான். அப்புறம் நாங்களும் சிரித்தோம். நான் டீ போடுகிறேன் என்று உள்ளே வந்து, அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன். வெளியே அவன் உன் மாமாவிடம், எந்த இடத்தில் எவ்வளவு அகலத்துக்கு அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிப் புரியவைக்க முடியாது, வந்து காட்டினால்தான் ஆகும் என்று அவனே முடித்துக்கொண்டான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். உன் மாமா வண்டி ஏற்பாடு செய்திருக்கிறார். ஜஹீதாவும் வருகிறாள். அவள் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை, நேற்று மட்டும் டம்ளரை என் கையிலேயே கொடுத்தாள். நிறம் எது என்று நான் வாயைத் திறக்கப்போவதில்லை. டப்பா தூக்குகிறேன்.

பாஷா உன்னை மன்னித்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே, என்னையும்தான். அவன் வருவது படகைப் பார்க்க. இறங்கியதும் ஓடிப்போய்க் காலைப் பிடிக்காதே, அழாதே. படிக்கட்டு செங்குத்தாக இருந்தால் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கட்டிவை. பிரஷ்ஷெல்லாம் கழுவிக் காயவை. ராணி கலர் மீதி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, பத்தாது என்றால் சனிக்கிழமையே வாங்கிவிடு.

வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டுமாம். அவன் சொன்னான்.

அக்கா